கறுப்புக் கோட்டும் பருவச்சீட்டும்

கும்மிடிப்பூண்டியில் நடக்கவிருக்கும் இந்த ஆண்டின் செவ்விசைக் கச்சேரிகளைப் பற்றி ஒரு குறிப்பு எழுதித் தருமாறு இசைக்குழுவின் புதிய பொறுப்பாளர்கள் கேட்டார்கள். மேடை மேலாளர் பணியிலிருந்து நான் ஓய்வுபெற்ற பின்பும், அறிவிப்புகளை எழுதும் வேலை என்னிடமே தங்கிவிட்டது. எழுதுகிறேன், ஆனால் உறுதியானவற்றை மட்டுமே எழுதுவேன். நான் நேரில் கண்டவை, என் காதால் கேட்டவை, உரியவரிடம் மீண்டும் கேட்டுச் சரிபார்த்தவை ஆகியன மட்டும் இதில் இடம்பெறும்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. எங்கள் முதல் கச்சேரிப் பருவத்தின் அறிவிப்பில் பிழையான சொல் ஒன்றுகூட இல்லை. எனினும் ஊர் அதை வேறுவிதமாகப் படித்தது. அந்தப் பருவத்தின் முதல் கச்சேரி மாலையில் என்ன நடந்தது என்று தெரிந்தால்தான், இவ்வாண்டின் அறிவிப்பு ஏன் இவ்வாறு அமைந்திருக்கிறது என்பது இப்பணிக்குப் புதிதாக வருவோருக்கு விளங்கும்.

மண்டபமும் நிபந்தனையும்

எங்களுடையது ஐரோப்பியச் செவ்விசை வாசிக்கும் குழு. உறுப்பினரில் ஒரு பகுதியினர் சென்னையைச் சேர்ந்தவர்கள். மற்றவர்கள் பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி வட்டாரத் தேவாலயப் பாடகர் குழுக்களில் வாசித்துத் தேர்ந்தவர்கள். பகலில் தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்கள். கையில் சிறு கோலுடன் முன்னால் நின்று குழுவை நடத்துபவர் பெரம்பூர் ஸ்டீபன் மாஸ்டர். அவரை எல்லாரும் கண்டக்டர் என்றே அழைப்பர்.

முதல் பருவத்தில் மூன்று கச்சேரிகள் வைப்பது என்றும், மூன்றையும் கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தருகே உள்ள ஒரு திருமண மண்டபத்தில் வைப்பது என்றும் முடிவாயிற்று. மாஸ்டர் அரைமனத்துடன் இசைந்தார். இசைந்தபோதே நிபந்தனையும் விதித்தார்.

"முதல் கச்சேரிக்கு ஹால் காலியா இருந்துச்சுன்னா மீதி ரெண்டையும் மெட்ராஸ்ல வெச்சுக்கலாம் சார். வெறும் நாற்காலிக்கு வாசிக்கறதுக்கா இவ்ளோ ரிகர்சல்?"

அந்த நிபந்தனை எல்லாரையும் ஒரே அளவில் தாக்கவில்லை. மிகுதியாகத் தாக்கியது சகாயமேரியை. அவர் கவரைப்பேட்டைக்காரர், தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் தரச்சோதனைப் பிரிவில் வேலை பார்த்தார், குழுவில் செல்லோ என்னும் பெரிய நரம்புக் கருவியை வாசிப்பவர் அவர். வயலின் வாசிப்பவர் கருவியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எந்த ரயிலிலும் ஏறிவிடலாம். செல்லோ ஏறத்தாழ ஆளுயரம்.

"மெட்ராஸ்ல வெச்சுட்டா நான் எப்டி சார் வர்றது?" என்றார். "ஷிப்ட் வுட்டு, ஊட்டுக்குப் போய், இத்தத் தூக்கிக்கினு டிரெயின் ஏறி எறங்கறதுக்குள்ள அங்க ரிகர்சலே முடிஞ்சிருக்கும். ஏற்கெனவே பிளாட்பாரத்துல பாக்கறவன்லாம், 'இன்னாம்மா, பீரோவ எங்க தூக்கிக்கினு போற'ன்னு கேக்கறான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கச்சேரிகள் சென்னைக்குப் போனால் அவர் குழுவில் நீடிக்க முடியாது என்பதை அவரும் நானும் அறிந்திருந்தோம்.

அறிவிப்பு

மூன்று கச்சேரிகளுக்கும் சேர்த்து ஒரே சீட்டு வழங்குவது எங்கள் ஏற்பாடு. அதற்குச் 'சீசன் டிக்கெட்' என்று பெயரிட வேண்டும் என்றார் மாஸ்டர். 'பருவச்சீட்டு' என்றே அச்சிட வேண்டும் என்றேன் நான். விவாதம் முடிவுக்கு வராததால், அறிவிப்பில் இரண்டையும் அச்சிட்டோம். மேல்வரியில், 'பருவச்சீட்டு உடையவர்கள் வரிசையில் நிற்காமல் நேரே உள்ளே வரலாம்' என்ற என் வாசகம். அதன் கீழ், 'சீசன் டிக்கெட் உள்ளவர்களை அன்புடன் வரவேற்கிறோம்' என்ற அவருடைய வாசகம். நிலையத்துக்குச் செல்லும் சாலையில் தேநீர்க்கடைச் சுவர்களில் அறிவிப்புகளை ஒட்டச் செய்தோம்.

பருவச்சீட்டு வாங்கியவர்கள் மிகச் சிலரே. கச்சேரிக்கு முந்தைய நாள் வரை நிலைமை அதுதான்.

வாசல்

அன்று மாலை மேடையில் எனக்கு வேலை நிறைய இருந்தது. அந்த மண்டபத்தின் தரை வழவழப்பான ஓடு பதித்த தரை. செல்லோவின் அடியில் உள்ள இரும்பு முனை அதில் நிற்காமல் வழுக்கியது. சகாயமேரி பழைய ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தை வெட்டி எடுத்து வந்து முனைக்குக் கீழே வைத்துக்கொண்டார். அடுத்த சிக்கல் மின்விசிறிகள். அவை சுழன்றால் இசைத்தாள்கள் பறந்தன. துணி மாட்டும் கிளிப்புகளும் போதவில்லை. எனவே மேடைப் பக்கத்து விசிறிகளை நிறுத்திவிட்டு, ரயில் நிலையத்தை நோக்கிய ஜன்னல்களை முழுதும் திறந்து வைத்தேன்.

முன்வரிசையில் சீட்டு வாங்கிய சிலர் அமர்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மண்டபம் முழுதும் காலி நாற்காலிகள். மாஸ்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கறுப்புக் கோட்டு அணிந்து, கோலைக் கையில் பிடித்தபடியே வாசலுக்குப் போய் நின்றார்.

ஜெனரல் ஷிப்ட் விட்டுத் தொழிலாளர்கள் நிலையத்துக்குச் செல்லும் நேரம் அது. சாலையில் வந்த ஒரு கூட்டம் மண்டபத்தின் பக்கம் திரும்பியது. முன்னால் வந்தவர் முனுசாமி, தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் ஓட்டுநர். பொன்னேரியிலிருந்து நாள்தோறும் ரயிலில் வருபவர். வாசலில் கறுப்புக் கோட்டைக் கண்டதும் அவருடைய கை தானாகவே சட்டைப்பைக்குள் போயிற்று.

"இந்தாங்க சார், சீசன்."

மாஸ்டர் விழித்தார். "என்ன இது?"

"சீசன் சார். தேதி பாருங்க, இன்னும் முடியல."

அவருக்குப் பின்னால் வந்தவர்களும் ரயில் பருவச்சீட்டை எடுத்துப் பிடித்தார்கள். சிலர் கைப்பேசித் திரையை நீட்டினார்கள்.

"தம்பி, நான் டி.டி.ஆர். இல்லப்பா. கண்டக்டர்."

"கண்டக்டரா?" முனுசாமி கூட்டாளிகளின் பக்கம் திரும்பினார். "டேய், டிரெயினுக்கு எப்போடா கண்டக்டர் போட்டாங்க?"

"ஆந்திரா பார்டர் நைனா, இங்க இன்னா வேணா போடுவான்" என்றார் ஒருவர்.

"தோள்ல பை இல்ல, வாய்ல விசில் இல்ல, இன்னாடா கண்டக்டரு?"

"விசில் இல்லன்னா இன்னா? கையில குச்சி கீது பாரு. சில்லற இல்லன்னா அடிச்சே எறக்கிடுவாரு போல."

சிரிப்பொலி கேட்டு நான் வாசலுக்கு விரைந்தேன். நிலைமையை என்னால் இயன்றவரை தெளிவாக விளக்கினேன். "ஐயா, நீங்கள் வைத்திருப்பது ரயில் பருவச்சீட்டு. நாங்கள் குறிப்பிட்டது கச்சேரிப் பருவச்சீட்டு. இரண்டும் வேறு."

முனுசாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார் குழப்புறீங்க? பருவச்சீட்டுன்னு ஸ்டேஷன் கவுண்டர்ல எழுதிக்கீது. சீசன்னு எங்க வாய்ல கீது. ரெண்டையுமே நோட்டீஸ்ல போட்டுக்கீறீங்க. சீசன் கீறவன் நேரா உள்ள வரலாம்னு நீங்கதான் கூப்பிட்டீங்க. ரயில்வேக்காரன் நமக்கு ஏதோ புரோகிராம் வெச்சிருக்கான்னு ஒரு வண்டிய வுட்டுட்டு வந்தோம். இப்போ வாசல்ல நிக்க வெச்சா பேஜாருதானே?"

அவர் சொன்னதில் மறுப்பதற்கு ஒன்றும் இல்லை. என் சொல்லும் மாஸ்டரின் சொல்லும் அந்த ஊரில் முன்பே ரயில்வேயின் உடைமைகள். நாங்கள் இருவரும் எங்கள் சொல்லே சிறந்தது என்று வாதிட்டோமே ஒழிய, ஊராரிடம் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

மாஸ்டர் திரும்பி மண்டபத்துக்குள் பார்த்தார். காலி நாற்காலிகள் அப்படியே இருந்தன. பின்பு கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முனுசாமியின் சீட்டை வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் பிடித்து இருபுறமும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"செல்லும். உள்ள போங்க."

அதன் பிறகு கடைசி ஆள் வரை ஒவ்வொருவர் சீட்டையும் அதே கண்டிப்புடன் வாங்கிப் பார்த்தார். ஓர் இளைஞரின் சீட்டைக் கண்டு புருவம் நெரித்தார். "தம்பி, இது போன மாசமே முடிஞ்சுபோச்சே?" கூட்டம், "மாட்னான்டா!" என்று ஆர்ப்பரித்தது. "காலையில மறக்காம புதுப்பிச்சுடு. இப்ப உள்ள போ" என்றார் மாஸ்டர்.

முன்வரிசையிலிருந்து, ஓய்வுபெற்ற பேராசிரியரான ஓர் அம்மையார் என்னை அழைத்தார். "நாங்க முன்னாடியே வாங்கினோமே, எங்களுக்கும் அவங்களுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார். "உங்களுக்கு மூன்று கச்சேரிகள் உறுதி அம்மா. அவர்களுக்கு இன்று மட்டும்" என்றேன். சொன்ன பிறகுதான், அவருக்கும் மூன்று உறுதியில்லை என்பது நினைவுக்கு வந்தது. அது அந்த மாலையைப் பொறுத்தது.

எத்தனை பேர் வந்தார்கள் என்பதைச் சொல்ல மாட்டேன், யாரும் எண்ணவில்லை. மண்டபம் நிரம்பி வழிந்தது என்று பிற்பாடு சொல்லப்படுவதும் உண்மையன்று. கடைசி வரிசைகளில் இடம் இருந்தது.

ஜன்னல்

அன்றைய கச்சேரியில் முக்கியமானது, நான்கு பகுதிகள் கொண்ட ஒரு சிம்பனி. முதல் பகுதி முடிந்ததும் பலத்த கைதட்டல். பகுதிகளுக்கு இடையே கைதட்டுவது வழக்கமில்லை. மாஸ்டர் ஒரு கணம் தயங்கி, தலையைச் சற்றே தாழ்த்தி ஏற்றுக்கொண்டார். இரண்டாம் பகுதி நிதானமானது. செல்லோவே அதை நடத்திச் செல்லும். அது முடிந்தபோது ஒருவரும் தட்டவில்லை. மேடையோரத்தில் நின்றிருந்த எனக்கு அந்த அமைதி அச்சத்தைத் தந்தது. சகாயமேரி நாற்காலிகளின் பக்கம் பார்க்கவே இல்லை.

மூன்றாம் பகுதி முடிந்து மாஸ்டர் கோலை உயர்த்திய வேளையில், திறந்த ஜன்னல்கள் வழியே நிலையத்தின் ஒலிபெருக்கி தெளிவாகக் கேட்டது. சென்னை செல்லும் மின்ரயில் புறப்படப் போகிறது என்ற அறிவிப்பு. மண்டபத்தில் நாற்காலிகள் அசைந்தன. பின்வரிசையில் சிலர் பைகளை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். மாஸ்டரின் கை உயர்ந்தபடியே நின்றது.

அப்போது முனுசாமி எழுந்தார். அவருடன் வந்த வரிசை முழுதும் அவரையே பார்த்தது. அவர் போனால் அந்த வரிசையும் போகும். அவர் வாசலுக்குப் போகவில்லை. சுவரோரமாக நடந்து, நிலையத்தை நோக்கிய ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். கடைசி ஜன்னலின் கொக்கியையும் மாட்டிவிட்டுத் தம் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

மாஸ்டரின் கோல் இறங்கியது. நான்காம் பகுதி தொடங்கிச் சற்று நேரத்தில் ரயிலின் ஒலிப்பான் எங்கோ தொலைவில் கேட்பதுபோல் கேட்டு அடங்கியது.

கச்சேரி முடிந்து நாற்காலிகளை மடக்கும்போது முனுசாமியிடம், "வண்டியை விட்டுவிட்டீர்களே?" என்றேன்.

"அதுக்கு இன்னா சார்? சீசன்தானே. எந்த வண்டியில வேணா போலாம்."

பிறகு செல்லோவை உறையிலிட்டுக்கொண்டிருந்த சகாயமேரியைக் கண்டு நின்றார். "இன்னாம்மா, பிளாட்பாரத்துல ஒரு பீரோ தூக்கிக்கினு நிப்பியே, அது இதானா? இத்தினி நாளா உள்ள பொடவ கீதுன்னு நெனச்சேன்."

"பீரோதாண்ணே" என்றார் சகாயமேரி. "இன்னிக்குத் தொறந்து காட்டிட்டேன்ல?"

மாஸ்டர் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார். "அடுத்ததும் இங்கயே சார். மண்டபத்துக்காரர்கிட்ட தேதி கேட்டுடுங்க" என்றவர், இரண்டடி போய்த் திரும்பி, "ஜன்னலுக்கு ஒரு ஆள் போடணும்" என்றார்.

இவ்வாண்டு

இப்பணிக்கு வருவோர்க்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே. ஒரு சொல்லை அச்சிடுமுன், அது தூய சொல்லா, நல்ல சொல்லா என்று மட்டும் பார்க்காதீர்கள்; அந்த ஊரில் அது ஏற்கெனவே எங்கே வேலையில் இருக்கிறது என்று விசாரியுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு மெய்ப்புத் திருத்துவதைவிட, அந்த ஊரில் நாள்தோறும் ரயிலேறும் ஒருவரிடம் அறிவிப்பைப் படித்துக் காட்டுவது பயன் தரும். அன்று முதல் நான் முனுசாமியிடம் படித்துக் காட்டுகிறேன். அவர் சிரிக்கும் இடங்களைத் திருத்துகிறேன்.

இவ்வாண்டைப் பற்றி உறுதியானவை இவை. மூன்று கச்சேரிகளும் அதே மண்டபத்தில் நடக்கும். முதலாவது, நான்கு பகுதிச் சிம்பனி. இரண்டாவது, நரம்பிசைக் கருவிகள் மட்டும். மூன்றாவதில் வட்டாரத் தேவாலயப் பாடகர் குழுக்கள் சேர்ந்து பாடும். கச்சேரிப் பருவச்சீட்டு உடையவர்களுக்கு முன்வரிசைகள். ரயில் பருவச்சீட்டு உடையவர்களுக்கு ஜன்னலோர வரிசைகள். இறுதிப் பகுதி கடைசி ரயிலுக்கு வெகுமுன்பே முடிந்துவிடும். கறுப்புக் கோட்டில் வாசலில் நிற்பவர் மாஸ்டரே. சீட்டை அவரிடம் காட்டலாம்.

இரண்டாம் கச்சேரியில் செல்லோ தனித்து முன்னிற்கும் பகுதி ஒன்று உண்டு. அதை வாசிக்கச் சகாயமேரி பல மாதங்களாகப் பயின்று வருகிறார். ஆனால் அவருடைய தொழிற்சாலையில் இப்போது சுழற்சி ஷிப்ட் முறை வந்துவிட்டது. அந்த வாரம் அவருக்கு எந்த ஷிப்ட் என்று கேட்டேன்.

"இன்னும் போடல சார்" என்றார். "எம் பேர நோட்டீஸ்ல போட்டுடாதீங்க. போட்டுட்டு நான் வரலன்னா, அன்னிக்கு ஜன்னல் சாத்துனவருகூட கோச்சுப்பாரு."

ஆதலால் அறிவிப்பில் அப்பெயருக்கு உரிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். அன்று செல்லோ வாசிப்பவர் யார் என்பது, இதை எழுதி முடிக்கும் இந்நேரம் வரை தெரியாது.