என் நம்பரில் இரண்டு பேர்

ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் மொபைல் நம்பர் கேட்டால் எங்கள் வீட்டுப் பெண்கள் என் நம்பரைத்தான் சொல்வார்கள். மனைவியும் அதையே சொல்வாள். கணவர் இறந்தபின் கோலார் தங்கவயலிலிருந்து வந்து எங்களோடு இருக்கும் அக்காவும் அதையே சொல்வாள். காஸ் சிலிண்டர், ரேஷன், ஆதார், எதற்கும் அதே பத்து இலக்கம். பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் சந்தில் முக்கால்வாசி வீடுகளில் இப்படித்தான்.

இருவருக்கும் சர்க்கரை. இருவரும் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள். அக்காவுக்கு எவ்வளவு போட்டாலும் இறங்காது. மனைவிக்குக் காலையில் பத்து யூனிட் போதும்.

போன வருஷம் அக்காவின் மேல்கையில் ஒரு சென்சார் ஒட்டினார்கள். கோட் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை வட்டு. சில நிமிடங்களுக்கு ஒரு முறை சர்க்கரை அளவை அது செல்போனுக்கு அனுப்பும். அக்காவிடம் இருப்பது பட்டன் போன் என்பதால் நர்ஸ் என் போனில் செயலியை ஏற்றினார்.

"இனிமே நோட்ல எழுத வேணாம் சார். ரீடிங் எல்லாம் நேரா டாக்டர் கம்ப்யூட்டருக்கே போயிடும்" என்றார். ஓடிபி வந்தது. படித்துச் சொன்னேன். திரையில் ஒரு பெயர் தோன்றி, சரிதானா என்று கேட்டது. ஒரு கையில் டோக்கன், தோளில் அக்காவின் பை. சரி என்று அழுத்தினேன்.

அது என் மனைவியின் பெயர். அந்த நம்பரில் முதலில் பதிவானவள் அவள். முப்பது வருஷம் பத்திரிகைச் செய்திப் பிரிவில் உட்கார்ந்து, படத்தின் கீழே இருக்கும் பெயர் படத்தில் இருக்கும் முகத்துக்கு உரியதுதானா என்று பார்ப்பது என் வேலையாக இருந்தது. அன்று நான் பார்க்கவில்லை.

ஒரு வாரம் கழித்து மனைவிக்கு வழக்கமான பரிசோதனை. வழக்கமாகப் பார்ப்பவர் விடுப்பில் இருந்தார், புதிய டாக்டர். நான் வெளியே மருந்து வாங்கும் வரிசையில் நின்றிருந்தேன். உள்ளே நடந்ததைப் பிறகு அவள் சொன்னாள். டாக்டர் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பி, மலைபோல் ஏறி நின்ற கோட்டைக் காட்டி, கன்னடத்தில், ரொம்ப ஜாஸ்தி இருக்கிறதம்மா, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். அதற்கு இரண்டு நாள் முன்புதான் பிரேசர் டவுனில் ஒரு கல்யாண வீட்டில், எனக்குத் தெரியாமல், அவள் மூன்று ஒப்பட்டு, அதாவது போளி, சாப்பிட்டிருந்தாள். அது எப்படியோ கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டாள். பத்து யூனிட் இருபத்திரண்டு ஆனது.

குற்ற உணர்ச்சியில் சாப்பாட்டையும் குறைத்தாள். நாலு இட்லி இரண்டானது.

மூன்றாவது நாள், காலை பதினொன்றரை இருக்கும். சமையலறையில் பாத்திரம் விழும் சத்தம். போய்ப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கை நடுங்கியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். என்னைப் பார்த்தாள், ஆனால் அடையாளம் தெரிந்து பார்த்த பார்வை இல்லை அது.

சர்க்கரை டப்பாவை எடுத்தபடியே ஆஸ்பத்திரி உதவி எண்ணைக் கூப்பிட்டேன். நான் தமிழில் பதறியதைக் கேட்டு, போனை எடுத்த பெண்ணும் தமிழுக்கு மாறினாள். என் நம்பரை வைத்தே ஃபைலைத் திறந்துவிட்டாள்.

"சார், மேடத்துக்கு இப்போ இருநூத்தி எண்பத்தாறு காட்டுது. லைவ் ரீடிங் சார். ஸ்வீட் எதுவும் குடுக்காதீங்க. ஆம்புலன்ஸ் அனுப்பட்டுமா?"

ஸ்பூன் நிறையச் சர்க்கரையோடு என் கை நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கால் நிமிடம் இருக்கலாம். கம்ப்யூட்டர் ஏற்றம் என்கிறது. எதிரில் இருப்பவள் இறங்கிக்கொண்டே இருக்கிறாள். நான் எண்ணை நம்பிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் என்னைப் பயமுறுத்துவது அந்தக் கால் நிமிடம்தான்.

அக்கா பின்னாலிருந்து என்னைத் தள்ளினாள்.

"இன்னாடா மரம் மாதிரி நின்னுக்கினு கீற? போன்ல இருக்கிறவளுக்கு இன்னா தெரியும்? வெரல குத்திப் பார்றா!"

அக்காவே பழைய குளுக்கோமீட்டரை எடுத்து வந்து, மனைவியின் விரலைப் பிடித்துக் குத்தினாள். ஐந்து விநாடி. நாற்பத்து நான்கு.

சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, வாயைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினோம். பாதி தாடையில் வழிந்தது. மீதி இறங்கியது. கால் மணி நேரம் கழித்து எழுபத்தொன்று. "ஏன் ரெண்டு பேரும் என் மூஞ்சியையே பாக்குறீங்க?" என்று அவள் கேட்டபோதுதான் நான் தரையில் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் செயலியைத் திறந்தேன். இருநூற்று எண்பத்தொன்பது. மேலே மனைவியின் பெயர். அக்கா டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் கையில் வெள்ளை வட்டு.

அன்று மாலையே மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நடந்ததைக் கேட்டதும் டாக்டர் பத்து யூனிட் என்று மறுபடி எழுதினார். மனைவியின் கையில் வட்டு இல்லாததை ஏன் பார்க்கவில்லை என்று நான் கேட்கவில்லை. நானும்தான் பெயரைப் பார்க்கவில்லை. பதிவேட்டுப் பிரிவில் இருந்தவர் இணைப்பைத் துண்டித்தார். ஆனால் மனைவியின் ஃபைலில் ஏற்கெனவே ஏறிய பத்து நாள் கோட்டை அழிக்க முடியாதாம். பக்கத்தில் ஒரு குறிப்பு மட்டும் போடலாமாம். நாங்கள் பத்திரிகையில் போடும் திருத்தம் நினைவுக்கு வந்தது. தவறு முதல் பக்கத்தில் இருக்கும். திருத்தம் உள்பக்கத்தில், மிகச் சிறிய எழுத்தில். அடுத்து வரும் ஒரு புதிய டாக்டர் கோட்டைப் பார்ப்பாரா, குறிப்பைப் பார்ப்பாரா?

கேட்டேன். அவர் அக்காவின் சென்சாரை அவள் பெயரிலேயே மறுபடி பதியத் தொடங்கினார்.

"அம்மா, மொபைல் நம்பர் சொல்லுங்க."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பரைத் தடங்கலில்லாமல் சொன்னாள். அவர் விரல்கள் தட்டத் தொடங்கியிருந்தன. ஏழாவது இலக்கத்தில்தான் என்னால் வாயைத் திறக்க முடிந்தது.

"நிறுத்துங்க" என்றேன். குரல் பெரிதாக வந்திருக்க வேண்டும். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.