வளைந்து தாழ்ந்த புல்தரை

என் தங்கையின் கணவன் சிவரூபனுக்கு வாய் குறைவு. கலியாணமான புதிதில் மாப்பிள்ளை ஊமையோ என்று எங்கள் சித்தி என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். ஒன்பது வருடம் முகமாலையில் கண்ணிவெடி அகற்றியவன் அவன். முழங்காலில் இருந்து, சிறு கரண்டியால் மண்ணைப் பக்கவாட்டில் சுரண்டிச் சுரண்டி, ஒரு நாளில் ஒரு பாயளவு நிலம் முன்னேறுகிற வேலை. பக்கத்தில் வேலை செய்தவனுக்குக் கை போன நாளோடு அதை விட்டான். "இனி மண் கிண்டமாட்டன், மச்சான்" என்று மட்டும் சொன்னான். பிறகு கொழும்புக்குப் போய்ச் செயற்கைப் புல் விரிக்கப் பழகிவந்தான். கிண்டுகிறவன் மூடுகிறவனாகிவிட்டான் என்று நான் பகிடி பண்ணினேன். அதை நினைத்தால் இப்போது என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

கீரிமலைப் பக்கம் கிருபைரட்ணம் ஐயாவின் வேலையைப் பிடித்துக் கொடுத்ததும் நான்தான். முப்பது வருடத்துக்கு மேல் கனடாவில் இருந்த மனுசன், படையினர் விட்டுப்போன காணியில் புது வீடு கட்டியிருந்தார். கோல்ப் பந்தை மெல்லத் தட்டிக் குழியில் விழுத்தி விளையாட வளவில் ஒரு பச்சைத் தரை வேண்டுமாம். நத்தார்ப் பண்டிகைக்குப் பேத்தி வருவதற்குள் அது முடிந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் குடும்பத்தைக் கூட்டிவர ரொறொன்ரோவுக்குப் போய்விட்டார்.

அந்த நிலம் இலேசில் அடங்காது. ஓரடி செம்மண், அதற்குக் கீழே சுண்ணாம்புப் பாறை. மழை பெய்தால் செம்மண் சேறாகிப் பாறையின் மேல் வழுக்கும். பந்து நேராக உருள வேண்டுமென்றால் மண் முழுவதையும் வழித்தெடுத்து, சல்லியும் கல்லுத்தூளும் பரவி, மெசினால் இடித்து இறுக்க வேண்டும். மண் வழிக்கிற பொறுப்பை நான் எடுத்தேன். இறுக்குவதும் விரிப்பதும் அவன்.

இரண்டாம் நாள் நான் குத்திய அலவாங்கு ஓரிடத்தில் பாறையில் முட்டாமல் அரைவாசிக்கு இறங்கியது. சிவரூபன் வந்து காலால் மண்ணைத் தள்ளிப் பார்த்தான். மூன்றடி அகலத்தில் இளகின மண் நேராகப் போய், அப்படியே ஒரு பக்கம் வளைந்தது. எங்கள் வயதுக்காரருக்கு அந்த வளைவை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. சண்டைக் காலத்தில், வாசலில் செல் குண்டு விழுந்தாலும் சிதறல் உள்ளே பாயக்கூடாதென்று, பதுங்குகிற பங்கரை வளைத்துத்தான் வெட்டுவோம். யாரோ வெட்டி, யாரோ மூடியிருக்கிறார்கள். எதைப் போட்டு மூடினார்கள் என்பதுதான் தெரியாது.

"கண்ணிவெடி எடுக்கிற ஆக்களுக்கு அறிவிக்கவேணும்" என்றான்.

"அறிவிச்சா வளவையே மறிச்சுப் போடுவாங்கள். நத்தாருக்கு ஒண்டும் முடியாது. காணி துப்புரவெண்டு கடிதம் இருக்குத்தானே?"

"கடிதம் மேல்மண்ணுக்குத்தான். உந்த ஆழத்துக்கு ஒருத்தரும் பாத்திருக்க மாட்டினம்."

"அப்ப நீயே கிண்டிப் பார்."

அவனால் முடியாதென்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அவன் தன் கைகளைப் பார்த்தான். பிறகு போய்ச் சல்லியைக் கொண்டுவந்து கொட்டினான். மூன்று நாள் அந்த இடத்தின் மேல் மெசின் ஓடியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்துவிட்டு, மேலே பச்சைப் புல்லையும் விரித்துவிட்டு வந்தோம்.

கார்த்திகை மழை அடித்து ஊற்றியது. மார்கழியில் ஐயாவின் போனில் இருந்து படம் வந்தது. புல்தரை நேராகப் போய், ஒரு பக்கம் வளைந்து, தாழ்ந்து கிடந்தது. 'தம்பி, அவசரமில்லை, ஆறுதலா வந்து பாரும். பேத்திக்கு உதிலை தேங்கின தண்ணியிலை துள்ளுறதுதான் இப்ப விளையாட்டு' என்று எழுதியிருந்தார்.

படத்தைக் காட்டியதும் சிவரூபன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"பத்துக் கடகம் கல்லுத்தூள் போட்டு நிரவினால் சரி" என்றேன்.

"அந்தப் பிள்ளை அதுக்கு மேலை துள்ளுது, மச்சான்."

அவன் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். மோட்டார் சைக்கிளை எடுத்தான். பின்னால் நானும் ஏறினேன். ஐயா வீட்டுக்குப் போனதும், வந்திருந்த விருந்தினர் எல்லோரும் பார்த்திருக்க, தலைப்பில் சிவப்புப் பூசிய தடிகளைப் புல்தரையைச் சுற்றி ஊன்றி நாடா கட்டினான். "எனக்குச் சந்தேகமாக் கிடக்கு, ஐயா. ஒருத்தரும் கிட்டப் போகவேண்டாம்." ஐயாவுக்கு முகம் கறுத்துவிட்டது. இருந்தாலும் அறிவித்தார்கள். நான்காம் நாள், பங்கருக்குக் கூரையாகப் போட்டிருந்த உக்கின பனங்குற்றிகளுக்குக் கீழேயிருந்து வெடிக்காத இரண்டு மோட்டார் செல்களை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒன்று, பந்து விழுகிற குழிக்கு நேர்கீழே இருந்ததாம்.

அன்று பின்னேரம் கிருபைரட்ணம் ஐயா எங்களைக் கூப்பிட்டார். பேத்தி அவர் கைக்குள் நின்றாள். அவர் சிவரூபனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஆண்டவர்தான் உம்மை அனுப்பினவர், தம்பி. வேறை ஆளெண்டால் சத்தமில்லாமல் மூடிப்போட்டுப் போயிருப்பான்."

சிவரூபன் கைகளை மெல்ல இழுத்துக்கொண்டான்.

"மூடினது நான்தான், ஐயா. புல்லு விரிக்க முந்தியே எனக்குத் தெரியும், உது பங்கரெண்டு."

ஐயா பேத்தியைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினார். பிறகு கேட்டார்.

"வேறை ஆருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டுந்தான், ஐயா."

வாசல் படலையடியில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.