‘ஃபார்மட் பண்ணிடலாம் ஆன்ட்டி!’

இரண்டு வாரத்துக்கு முன்னால், மும்பை செம்பூரில் ஒரு ஸ்கேன் சென்டர் கவுன்ட்டரில் நின்று கத்தினேன். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்!

விஷயம் இதுதான். என் கணவர் டிராம்பேயில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். இருமல் விடவில்லை என்று அந்த சென்டரில் எக்ஸ்ரே எடுத்தோம். நுரையீரலில் ஒரு புள்ளி.

“இது புதுசா, பழசான்னு தெரியணும்” என்றார் டாக்டர். “ஆறு வருஷம் முன்னாடி எடுத்தீங்களே, அந்தப் படத்தைக் கொண்டு வாங்க. புதுசுன்னா ஊசி போட்டு சதை எடுத்துப் பார்க்கணும்.”

அன்றிலிருந்து வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. பேப்பரை விரித்துக்கொண்டு உட்காருவார். பக்கம் மட்டும் திரும்பாது.

பழைய படம் எங்கே? ஒரு காலத்தில் பெரிய கவரில் ஃபிலிம் போட்டுக் கொடுப்பார்கள். அந்தத் தடவை இதே சென்டரில் கொடுத்தது ஒரு தாள் ரிப்போர்ட்தான். படம்? “சிஸ்டம்ல பத்திரமா இருக்கு மேடம்.” நம்பினேன்.

அதைக் கேட்டுத்தான் போனேன். கவுன்ட்டரில் செல்வி. தாராவிப் பெண், பூர்விகம் திருநெல்வேலிப் பக்கம். டோக்கன் கொடுப்பதும் அவள்தான், கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான்.

“அக்கா, படமெல்லாம் வச்சிருக்க சர்வர் ரொம்பிப்போச்சு. ரெண்டு நாளா பழைய படம் ஒண்ணும் திறக்க மாட்டேங்கு. கம்பெனிக்காரரு வந்திருக்காரு. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போடணுங்காரு.”

அழித்துவிட்டா?

பக்கத்திலேயே நின்றார் அந்த இன்ஜினியர். கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் சிரிப்பு. “டென்ஷன் மத் லோ ஆன்ட்டி, கவலைப்படாதீங்க. பெரிய டிஸ்க் போட்டு, ஃபார்மட் பண்ணி, ஃப்ரெஷ்ஷா இன்ஸ்டால் பண்ணிடலாம். ஆறு வருஷப் பழைய டேட்டாவை வெச்சுட்டு க்யா கரோகே, என்ன பண்ணப் போறீங்க?”

பழைய டேட்டாவா? என் கணவரின் நெஞ்சு ஐயா அது!

செல்வி மெதுவாகச் சொன்னாள். “சார், இது மிரர்தானே? அழிக்காமலே மாத்தலாமே?”

பிறகு எனக்கும் விளக்கினாள். அந்த சர்வருக்குள் இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது அப்படியே இன்னொன்றிலும் எழுதப்படும். அதுதான் மிரர். ஒன்றைக் கழற்றிவிட்டு அங்கே பெரிய டிஸ்க்கைச் செருகினால், மற்றதில் இருப்பதை மெஷினே புதியதில் எழுதிக்கொள்ளும். பிறகு அடுத்ததையும் அப்படியே மாற்றலாம். கடைசியில், கூடுதல் இடத்தைச் சேர்த்துக்கொள் என்று சொன்னால் போதும்.

இன்ஜினியர் சிரித்தார். “இதெல்லாம் யூடியூப்ல பார்க்க நல்லா இருக்கும். நீங்க டோக்கனைப் பாருங்க சிஸ்டர்.”

அப்போதுதான் கத்தினேன்.

உரிமையாளர் அறையிலிருந்து ஓடி வந்தார். “தாராளமா அழிச்சுக்கோங்க” என்றேன். “ஆனா, ‘இடம் பத்தலை, அதனால இவரோட படத்தை அழிச்சுட்டோம்’னு லெட்டர்ஹெட்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. டாக்டர்கிட்ட காட்டணும்.”

பின்னால் இருந்த பெரியவர், “எனக்கும் ஒண்ணு” என்றார்.

உரிமையாளர் வரிசையைப் பார்த்தார். அப்புறம் செல்வியைப் பார்த்தார். “ஞாயித்துக்கிழமை நீ பண்ணிடுவியாம்மா?”

“நீங்க கை வெச்சா கம்பெனி பொறுப்பில்ல” என்றார் இன்ஜினியர்.

அழிப்பதற்கு மட்டும் பொறுப்பா?

ஞாயிறு காலை நானும் போய் உட்கார்ந்துவிட்டேன். கத்தியவள் துணைக்கு இருக்க வேண்டாமா? செல்வி முந்தின நாளே எல்லாப் படங்களையும் தனியாக ஒரு டிஸ்க்கில் நகல் எடுத்து வைத்திருந்தாள்.

“மிரரை மட்டும் நம்பி இறங்கக் கூடாதுக்கா. ஒண்ணைக் கழட்டிட்டா மிச்சம் ஒண்ணே ஒண்ணுதான். அதும் படுத்துட்டுன்னா நம்ம கதி?”

“அதான் நகல் இருக்கே, புதுசா இன்ஸ்டால் பண்ணித்தான் பார்ப்போமே?” என்று கேட்டேன்.

“படம் இருக்கும்க்கா. எந்தப் படம் யாருக்குள்ளதுன்னு இந்த மெஷினுக்குத்தான் தெரியும்.”

முதல் டிஸ்க் ஏற மூன்று மணி நேரம். திரையில் சதவீதம் ஊர்ந்தது. நான் கொண்டுபோன எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டோம். அடுத்த டிஸ்க்குக்கு இன்னொரு மூன்று மணி நேரம். இதற்குள் என் கணவர் மூன்று தடவை போன் செய்துவிட்டார். “ஏதாவது தெரிஞ்சுதா?” அவ்வளவுதான் கேட்பார்.

இரண்டும் ஏறின. செல்வி மெஷினை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள்.

கறுப்புத் திரை. கிளம்புவதற்கான டிஸ்க்கே இல்லை என்று ஒற்றை வரி.

கழற்றிய பழைய டிஸ்க்குகள் மேஜைமேல் அப்படியே இருந்தன. செல்வி அவற்றைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள்… சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். “மறந்தே போனேன்க்கா! மெஷினை எழுப்புத புரோகிராம் டிஸ்க்கோட தலைமாட்டுல தனியா இருக்கும். அது மிரர்ல வராது. நாமதான் எழுதணும்.”

பென் டிரைவ் ஒன்றைச் செருகி அதைக்கொண்டு மெஷினைக் கிளப்பினாள். இரண்டு புது டிஸ்க்கிலும் அந்தத் துண்டை எழுதினாள். மறுபடி போட்டாள்… வந்தது! கூடுதல் இடத்தைச் சேர்த்தாள். என் கணவரின் பெயரைத் தட்டினாள்.

பழையதும் புதியதுமாக இரண்டு படங்கள், பக்கத்தில் பக்கத்தில். எனக்குப் படிக்கத் தெரியாதுதான். ஆனால் ஆறு வருஷத்துக்கு முந்தின படத்திலும், அதே இடத்தில், அந்தப் புள்ளி.

போன் அடித்தது. செல்விதான் வாங்கிப் பேசினாள். “அண்ணாச்சி, அன்னைக்கே இருந்திருக்கு. டாக்டர் பாத்துச் சொல்லட்டும்.”

மறுநாள் டாக்டர் அளந்து பார்த்தார். அளவும் மாறவில்லை. பழைய தழும்பாம். “ஊசியெல்லாம் வேண்டாம். அடுத்த வருஷம் ஒரு படம் எடுங்க, போதும்.” என் கணவர் வரும் வழியில் வடா பாவ் கேட்டார்.

ஆனால் என் கோபம் ஆறவில்லை. அந்த மனிதருக்கு வேண்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பொறுமை. ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல வாய் வரவில்லை, ‘முடியாது’ என்றுவிட்டார். எத்தனை கவுன்ட்டர்களில் இதைக் கேட்டிருக்கிறோம்? தெரியாதவருக்கு அழிப்பதுதான் சுலபம். அழிவது அவருடையது இல்லையே!

செவ்வாய்க்கிழமை படத்தை ஃபிலிமாக வாங்கி வரப் போனேன். சர்வர் பெட்டியின் நெற்றியில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர். ‘மேம்படுத்தியவர்கள்’ என்று போட்டு, கீழே அந்த கம்பெனியின் பெயர்!

“நேத்து வந்து ஒட்டிட்டுப் போனாரு” என்று சிரித்தாள் செல்வி. “வேலை பாத்ததா எழுதிக் கையெழுத்து கேட்டாரு. போட மாட்டேன்னுட்டேன்.” ஃபிலிமை எடுத்துவர உள்ளே போனாள்.

ஸ்டிக்கர் இப்போது அங்கே இல்லை. எப்படி உரிந்தது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.