தங்கை போட்ட மெட்டு

யுத்த காலத்தில் எங்கள் செஞ்சி டென்ட் கொட்டகைக்குப் புதுப்படம் வந்து சேர மாதக்கணக்காகும். பாட்டுப் புத்தகம் மட்டும் முன்னாடியே வந்துவிடும். திண்டிவனம் போன நைனா ஒன்று வாங்கிவந்தார். என் தங்கை செசிலி அதைக் கீழே வைக்கவில்லை. புத்தகத்தில் வரிகள்தான் இருந்தன, மெட்டு யாருக்குத் தெரியும்? கோயிலில் பாடும் மாதா பாட்டுகளைப் போல அவளே மெட்டுப் போட்டு, மல்லாட்டைக் கடலை உரிக்கும்போதெல்லாம் பாடினாள்.

"படத்துல இப்பிடியாடி பாடுவாங்க?" என்று சிரித்தேன்.

"படம் வரட்டும்க்கா. அவங்க பாடறது நல்லாருக்குதா, நான் பாடறதான்னு பாத்துடலாம்."

படத்துக்கு முன்னால் விஷக்காய்ச்சல் வந்தது. விளம்பர வண்டியின் தமுக்குச் சத்தம் கேட்டால் படுக்கையிலிருந்தே, "நம்ம படமாக்கா?" என்பாள்.

"அடுத்த வாரமாம்டி" என்பேன்.

அவளை அடக்கம் செய்த பிறகுதான் அந்தப் படம் வந்தது.

"அவளுக்காவ நீ போய்ப் பாத்துட்டு வாம்மா" என்றார் நைனா. போனேன். கதாநாயகி பாட ஆரம்பித்ததும் கொட்டகையே சொக்கிப்போனது. எனக்கோ, அவள் ஒவ்வொரு பாட்டையும் தப்பாகப் பாடுவதாகவே பட்டது. பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

இப்போதும் ரேடியோவில் அந்தப் படத்துப் பாட்டு வந்தால் சட்டென்று நிறுத்திவிடுகிறேன். கேட்டுக் கேட்டு, செசிலியின் மெட்டு எனக்கு மறந்துபோய்விடுமோ என்று பயம்.