ஒன்பதாவது பெட்டி

அப்பளத்தை உடைக்குமுன் இசைவாணி அதை வெளிச்சத்தில் ஒருதரம் திருப்பிப் பார்ப்பார். "இங்கன ஆரம்பிச்சு அங்கன போய் நிக்கும்" என்று நகத்தால் கோடு கிழித்துவிட்டு அழுத்துவார். கோட்டின்மேலேயே உடைந்தால் அன்றைக்கு ஒரு கரண்டிச் சோறு கூடுதலாக இறங்கும். தப்பினால், பக்கத்து இலைக்குக் கை நீளும். சமயநல்லூர்ப் பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் அவரோடு பாடம் நடத்தும் அழகுபாண்டி, தன் அப்பளத்தை மூடிக்கொண்டுதான் சாப்பிடுகிறார்.

எந்தப் பொருள், எவ்வளவு பாரத்தில், எந்த இடத்தில் உடையும் என்று கணினியில் கணக்கிட்டுச் சொல்வது இசைவாணியின் ஆராய்ச்சி. நாலு வருஷமாக அவர் கணக்கிடுவது பாலத்தை அல்ல, விமானத்தை அல்ல. பரவைச் சந்தையின் பிளாஸ்டிக் தக்காளிப் பெட்டியை. திரையில் அதை அறுபதாயிரம் துண்டாக்கி வைத்திருக்கிறார். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடாத குறைதான். கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பினார். நிஜப் பெட்டி ஒன்றை உடைத்துக் காட்டினால்தான் வெளியிடுவோம் என்று பதில் வந்தது.

"உடைச்சாப் போச்சு" என்று சந்தை ஓய்ந்த நேரமாகப் பார்த்துப் போனார். காலிப் பெட்டி ஒன்றைத் தரையில் வைத்து, அச்சில் வார்க்கும்போதே பிளாஸ்டிக் மெலிந்துபோகும் வலது மூலையில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தார்.

"இதுமேல மணல் ரொப்பின பெட்டியா அடுக்குங்கண்ணே. ஒன்பதாவது வைக்கயில இந்த இடம் விட்டுரும்."

சுமை தூக்கும் சோணை சிரித்தார். "கிளி சோசியமா டீச்சரம்மா? நாங்க பன்னெண்டு வரைக்கும் ஏத்திருக்கோம்."

"ஏத்துங்க, பாப்போம்."

சந்தையே கூடி எண்ணியது. ஏழு. எட்டு. ஒன்பதாவது உட்கார்ந்ததும் அடிப்பெட்டி படக்கென்றது. விசில் பறந்தது. ஆனால் விட்டது இடது மூலை. சிவப்புப் புள்ளி அலுங்காமல் இருந்தது.

சோணைக்கே மனசு கேட்கவில்லை. "எண்ணிக்கை சரியாத்தான இருக்கு... பக்கந்தான் மாறிப்போச்சு. நாலு வருசம் அம்புட்டும் வீணா டீச்சரம்மா?"

இசைவாணி தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அட கிறுக்கச்சி! கம்ப்யூட்டர்ல தரை கண்ணாடி மாதிரி மட்டமா இருக்கும்ணே. இங்கயும் அப்படித்தான்னு நம்பி வந்துட்டேன்."

தண்ணீர் பாட்டிலைத் திறந்து வலது மூலையோரம் ஊற்றினார். தண்ணீர் கொஞ்சம் தயங்கி, பெட்டிக்கு அடியில் புகுந்து, நேராக உடைந்த மூலைக்குப் போய் நின்றது.

சோணை குனிந்து பார்த்தார். யாரும் சொல்லாமலே இன்னொரு பெட்டியை அதே இடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அந்தச் செவப்பை இங்கிட்டுத் தாங்க" என்றார்.

இசைவாணி நகப்பூச்சுக் குப்பியைத் திருகித் திறந்து அவர் கையிலேயே கொடுத்தார்.