சேலை போட்டு மூடிய போஸ்டர்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஆடி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் போகும் சாலையில் இருந்த ஒரு சிறிய மண்டபத்தில் எனக்கு வளைகாப்பு நடந்தது. அன்று நான் உட்கார்ந்த நாற்காலிக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரை வடிவமைத்தவளும் நான்தான். அந்தப் பேனர் அதற்குப் பிறகு என்னை என்ன பாடு படுத்தியது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்கிறவள். பிறந்தநாள், காதுகுத்து, வளைகாப்பு என்று எந்த விசேஷமானாலும் இப்போது எல்லோருக்கும் ஒரு 'தீம்' வேண்டும். முதல் பிறந்தநாள் என்றால் காடு, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி. கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால் ராக்கெட், நிலா. வருகிறவர்கள் போனில் எதையாவது காட்டி, "இதே மாதிரி வேணும், ஆனா வேற மாதிரி இருக்கணும்" என்பார்கள். அவர்களைச் சமாளிக்கவே விதவிதமான ஓவியங்களைத் தேடிச் சேர்த்து வைத்திருப்பேன். அவற்றில் எனக்கு உயிர், பழைய சினிமா போஸ்டர்கள். முகத்தில் ஒரு பக்கம் மஞ்சளும் மறுபக்கம் நீலமும் பூசியிருப்பார்கள், ஆனாலும் அந்த முகம் நம்மோடு பேசும். படத்தின் பெயர் சாய்ந்து, நிழல் விழுந்து, எழுத்துகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஓடும். யோசனை வறண்டுபோன நாளில் நாலு பழைய போஸ்டரைப் பார்த்தால் எங்கிருந்தாவது ஒன்று கிடைத்துவிடும். அது என்ன படம், என்ன கதை என்று நான் பார்த்ததே இல்லை. வண்ணம் கிடைத்தால் போதும் எனக்கு.

அந்த வளைகாப்புக்கு முன்னால் எங்கள் வீட்டில் ஒரு துக்கம் இருந்தது. அதற்கு முந்தைய தடவை, ஐந்தாம் மாதத்தில் குழந்தை தங்காமல் போய்விட்டது. அதனால் இந்த முறை மசக்கை தெளிந்த பிறகும் என் பயம் தெளியவில்லை. படியேற பயம், ஆட்டோவில் ஏற பயம், தும்மக்கூட பயம். கணவருக்கு ஓசூரில் வேலை, வாரக்கடைசியில்தான் வருவார். "சும்மா உக்காந்து யோசிக்காத, உன் வளைகாப்புக்கு நீயே ஒரு டிசைன் போடு" என்று அவர்தான் கிளப்பிவிட்டார்.

எனக்கு ஒரு போஸ்டர் ரொம்பப் பிடித்திருந்தது. அதில் ஒரு பெண், கை நிறைய கண்ணாடி வளையலோடு, விரல்களைக் கன்னத்தில் வைத்து யாரையோ எதிர்பார்த்துக் கொண்டிருப்பாள். பின்னால் சாமந்தி மஞ்சள் வானம். வளைகாப்புக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன கிடைக்கும்? அதே வானம், அதே வளையல் கை, அதே பார்வை, முகம் மட்டும் என்னுடையது என்று வரைந்தேன். கீழே 'கதை: அப்பா, வசனம்: அம்மா, இயக்கம்: பாட்டிமார்கள், விரைவில் வருகிறது' என்று எழுதினேன். கணவர் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

விசேஷத்தன்று வந்தவர்கள் எல்லோரும் முதலில் பேனரைத்தான் பார்த்தார்கள், பிறகுதான் என்னை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. முதலில் வேப்பிலைக் காப்பு போட்டு, வளையல் அடுக்க ஆரம்பித்த நேரம், மருங்காபுரியிலிருந்து வந்திருந்த கணவரின் பெரியம்மா பேனரையே வெறித்துப் பார்ப்பதைக் கவனித்தேன். பிறகு அவர் என் மாமியாரின் காதில் ஏதோ சொன்னார். மாமியாரின் முகம் மாறியது. நேராகச் சீர்த்தட்டுப் பக்கம் போனார், மடிப்புக் கலையாத ஒரு புதுச் சேலையை எடுத்தார், உதறினார், பேனரில் என் முகத்தை மறைத்து இரண்டு பக்கமும் கிளிப் போட்டு மாட்டிவிட்டார்.

என் மாமியாரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஸ்ரீரங்கத்தில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறவர். வாய்க்கு யாரும் எதிர் நிற்க முடியாது. ஆட்டோக்காரர்கள் அவரிடம் கேட்பதற்கு முன்பே கட்டணத்தைக் குறைத்துக்கொள்வார்கள் என்று கணவர் கிண்டலடிப்பார். அப்படிப்பட்டவர் என்னைப் பார்த்து, "வெயில் அடிக்குதும்மா, அதான் மறைச்சேன்" என்று மென்று முழுங்கினார். மண்டபத்துக்குள் ஏது வெயில்? எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கையில் வளையல் குலுங்க, கலவை சாதத்தை ஒரு வாய்கூட இறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலமே வழக்கப்படி திருச்சி புத்தூரில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். மனசு ஆறவில்லை. எதற்காக மூடினார்? அந்தப் போஸ்டரில் என்ன இருக்கிறது? முதல் தடவையாக அந்தப் படத்தின் கதையைத் தேடிப் படித்தேன். வெளியூரில் வேலை பார்க்கும் கணவனுக்காகக் காத்திருக்கும் நிறைமாதக் கர்ப்பிணி. அவன் வருவதற்குள் பிரசவத்தில் இறந்துபோகிறாள். போஸ்டரில் இருப்பது கடைசிக் காட்சி. கன்னத்தில் கையை வைத்து அவள் பார்ப்பது வாசலை.

அந்த முகத்தை அழித்துவிட்டு என் முகத்தை வைத்தவள் நானேதான். பெரியம்மா அந்தக் காலத்தில் படத்தைப் பார்த்திருப்பார், மாமியாரிடம் சொல்லியிருப்பார், அதனால்தான் சேலை. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. படித்தவள்தான், ஒரு படத்தால் யாருக்கும் எதுவும் ஆகாது என்று தெரியும்தான். தெரிந்து என்ன பிரயோஜனம்? கண்ணை மூடினால் மஞ்சள் வானம் வந்து நிற்கும். அம்மாவிடம் சொன்னால் என்னைவிட அதிகமாக அழுவார். கணவரிடம் சொன்னால் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவார். மாமியாரோ, தெரிந்துகொண்டே எனக்காக மறைக்கிறார் என்று நினைத்தேன். தினமும் போன் செய்து, "சாப்பிட்டியா? தூங்குனியா?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் அந்தக் குரலில் பயம் ஒளிந்திருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பேன். இருப்பதாகவே பட்டது.

ஆடிப்பெருக்கு அன்று மதியம், குழந்தையின் அசைவு தெரியவில்லை. சாப்பிட்டுப் பார்த்தேன், இடது பக்கம் படுத்துப் பார்த்தேன், தண்ணீர் குடித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாமியாருக்குப் போனில் சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்துப் பக்கத்திலேயே இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் வளையல்கள் குலுங்கின. அந்தச் சத்தத்தைக் கேட்கப் பிடிக்காமல் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வயிற்றில் பெல்ட் கட்டி இதயத் துடிப்பைப் பார்த்தார்கள். டக் டக்கென்று கேட்டது. ஸ்கேனும் நன்றாகவே இருந்தது. குழந்தை தூங்கியிருக்கும், ஆனாலும் சாயங்காலம்வரை இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். அம்மா மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு மாமியார் வந்தார். அன்றைக்கு அம்மா மண்டபம் படித்துறையில் குளிக்க வந்த கூட்டத்தில் ஸ்ரீரங்கத்தைவிட்டு வெளியே வருவதே பெரும்பாடு. காவிரிப் பாலத்தில் பஸ் நகரவே இல்லையாம். பாதியில் இறங்கி நடந்து, வேறு ஆட்டோ பிடித்து, சேலையெல்லாம் நனைந்து வேர்த்துப்போய் வந்து நின்றார்.

அவரைப் பார்த்ததும் அடக்கி வைத்ததெல்லாம் உடைந்துவிட்டது. "உங்களுக்கு எல்லாம் தெரியும்ல அத்தை? அதனாலதானே சேலையைப் போட்டு மூடுனீங்க? அந்தப் பொண்ணு செத்துப்போறது தெரிஞ்சுதானே?" என்று விம்மினேன்.

அவர் விழித்தார். "எந்தப் பொண்ணு? ஊரே உன் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்துச்சு. வயித்துப்புள்ளக்காரிய இவ்ளோ பெருசா வச்சா கண்ணு பட்டுடும்னு அக்கா சொன்னாங்க, மூடுனேன். நீ ஆசையா செஞ்சதாச்சே, வருத்தப்படுவியேன்னுதான் வெயிலுன்னு சொன்னேன். யாரு செத்தா?"

அவருக்கு எதுவுமே தெரியாது! படத்தையே பார்த்ததில்லை. வேறு வழியில்லாமல் முழுக் கதையையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஈயாடவில்லை. நான் தனியாகச் சுமந்ததை அப்படியே தூக்கி அவர் தலையில் வைத்துவிட்டேனே என்று அப்போதுதான் உறைத்தது. சட்டென்று எழுந்து வெளியே போய்விட்டார். எங்காவது நின்று அழுவார், அல்லது ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு யாரிடமாவது ஓடுவார் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது கையில் இரண்டு டீ. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்தப் படத்தைப் போடு" என்றார்.

வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. இணையத்தில் முழுப் படமும் கிடந்தது. கடைசிப் பகுதியை மட்டும் போட்டேன், நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சத்தம் மட்டும் கேட்டது, வயலின், அழுகை, அதற்கு மேல் என் மாமியாரின் குரல். "அந்தப் புள்ளை வலில துடிக்குது, இவ என்ன தூணைப் பிடிச்சுக்கிட்டு அழுவுறா? வண்டியைக் கட்டச் சொல்ல வேண்டியதுதானே! இவ மாமியாக்காரியா, இல்ல வேடிக்கை பாக்க வந்தவளா?" கொஞ்ச நேரம் கழித்து, "டாக்டரைக் கூட்டியாரப் போனவன் ஆத்தங்கரைல நின்னு பாட்டுப் பாடுறான் பாரு, வெளங்காதவன்!"

எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. நர்ஸ் எட்டிப் பார்த்து, "அம்மா, இது ஆஸ்பத்திரி" என்றார். மாமியார் அவரிடமும், "நீங்களே பாருங்க சிஸ்டர், இந்த நேரத்துல யாராச்சும் பாடுவாங்களா?" என்று நியாயம் கேட்டார். நானும் திரும்பிப் பார்த்தேன். நான் பயந்து நடுங்கிய அந்தக் கடைசிக் காட்சி, ஒரு சின்னத் திரையில், ஆட்கள் எல்லோரும் செய்ய வேண்டியதை விட்டுவிட்டு அழுதுகொண்டிருக்கும் காட்சியாகத் தெரிந்தது.

படம் முடிந்ததும் அவர் போனை என் கையில் கொடுத்தார். தாழ்ந்த குரலில், "எனக்கும் பயமாத்தான் இருக்கு. போன தடவை உனக்கு முடியலன்னு போன் வந்தப்ப, கடையில கூட்டமா இருக்கு, முடிச்சுட்டு வரேன்னேன். நான் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. அது எனக்கு இன்னும் உறுத்துது" என்றார். அந்த நாளைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் மனசில் இப்படி ஒன்று இருக்கும் என்று நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் அம்மா வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாமியார் பெட்டியோடு இறங்கினார். எங்கள் பக்கத்தில் சம்பந்தி வீட்டில் ஒரு வேளை சாப்பிடுவார்கள், தாம்பூலம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தங்குவது என்பது கிடையவே கிடையாது. அம்மா வெலவெலத்துப்போனார். "கடையை எங்க வீட்டுக்காரர் பாத்துக்குவாரு. புள்ளை பொறக்குற வரைக்கும் நான் இங்கதான். சம்பந்தி ஏதாச்சும் நினைச்சுக்குவாங்கன்னா நினைச்சுக்கட்டும்" என்று அம்மாவிடமே சொன்னார். சொந்தக்காரர்கள் கேலி பேசினார்கள். ஒரே அடுப்படியில் இரண்டு சம்பந்திகள், குழம்புக்குப் புளி எவ்வளவு என்பதில் தினமும் மனஸ்தாபம். நடுவில் நான். ஆனால் அன்றிலிருந்து மஞ்சள் வானம் கண்ணில் வருவது குறைந்துவிட்டது. வந்தாலும் எழுப்பிச் சொல்லப் பக்கத்தில் ஆள் இருந்தது.

புரட்டாசி பிறந்த சமயத்தில், சொன்ன தேதிக்கு முன்பாகவே பனிக்குடம் உடைந்தது. கணவர் ஓசூரிலிருந்து வந்துகொண்டிருந்தார். அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். மாமியார்தான் ஆட்டோவை அழைத்தார், பையைத் தூக்கினார், என்னைத் தாங்கிப் பிடித்து உட்காரவைத்தார், போகிற போக்கில் அம்மாவையும் அதட்டி ஏற்றிக்கொண்டார். குழந்தையின் துடிப்பு இறங்குகிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். ஸ்ட்ரெச்சரில் என்னைத் தள்ளிக்கொண்டு போனபோது, இதற்கு மேல் வரக்கூடாது என்று தடுத்தவரிடம் அவர் சண்டை பிடிப்பது கேட்டது. கதவு மூடிய பிறகும் கேட்டது. மயக்க ஊசி போட்ட டாக்டர், "யாரும்மா அது?" என்றார். என் மாமியார் என்றேன். வாழ்க்கையில் ஒரு சொல்லை நான் அவ்வளவு கர்வமாகச் சொன்னதில்லை.

பெண் குழந்தை. கணவர் வந்து சேர்வதற்குள் பிறந்துவிட்டாள்.

இப்போதும் பழைய போஸ்டர்களிலிருந்துதான் பாதி யோசனைகளை எடுக்கிறேன். ஒரே ஒரு மாற்றம், எடுப்பதற்கு முன் கதையைப் படித்துவிடுகிறேன். மாமியாருக்கும் எனக்கும் இப்போதும் சண்டை வரும், பேசாமல் இருக்கும் நாட்களும் உண்டு. ஆனால் என் பயத்தைக் கேட்டு, தானும் பயந்துபோய், அப்படியும் மறுநாள் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாரே, அதை நினைத்தால் எந்தக் கோபத்திலும் நானே முதலில் போய்ப் பேசிவிடுகிறேன்.