கழுதை கத்தும் இடம்

என் அண்ணன் வாய் ஓயாத ஆள். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டியவன். ஆலை வாசலில் வரிசையில் நிற்கும்போது முன்வண்டிக்காரரையும் பின்வண்டிக்காரரையும் ஒருசேர வம்புக்கு இழுப்பான். "உங்கண்ணன் பேசிப் பேசியே லோடு காஞ்சி பூடுதும்மா" என்று அவன் கூட்டாளிகள் என்னிடமே குறைப்பட்டிருக்கிறார்கள். அந்த மனுஷனுக்குத்தான் பொங்கல் கழிந்த கையோடு பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றையும் அடித்துப் போட்டது. கையும் காலும் மெல்லத் திரும்பின. பேச்சு மட்டும் வரவில்லை.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னார்: "அவருக்கு நல்லா பழகின பாட்டு, பேச்சு ஏதாவது கேக்க வெச்சிக்கிட்டே இருங்க. சில பேருக்குத் திரும்ப வரும்." சில பேருக்கா! என் அண்ணன் என்ன சில பேரில் ஒருத்தனா? வெளியே வந்து அண்ணியிடம்தான் அந்தக் கோபத்தைக் கொட்டினேன். அவள் பாவம், வீட்டுக்குப் போய் அவனுக்குப் பிடித்த சினிமாப் பாட்டெல்லாம் போட்டாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

எனக்கு அந்தப் பிஸ்கட் டப்பா நினைவுக்கு வந்தது.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம், சர்ச்சை ஒட்டிய பிள்ளைகள் விடுதியில் எங்கள் அம்மா சமையல் வேலை பார்த்தாள். அங்கிருந்த வார்டன் ஐயா மாற்றலாகிப் போகும்போது ஒரு பழைய டேப்ரெக்கார்டரையும், பிஸ்கட் டப்பா நிறையக் கேசட்டுகளையும் எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கிறிஸ்தவ வானொலியில் வாரா வாரம் வந்த சிறுவர் நாடகம் அது. மலையில் அந்த ஸ்டேஷன் எடுக்காது, வெறும் கரகரப்புதான். அதனால் அந்த நாடகம் கேசட்டாக வெளிவந்த புதிதிலேயே அவர் வரவழைத்து வைத்திருந்தார். ஓர் அக்கா, ஒரு தம்பி, ஒரு கழுதை. மூவரும் சந்தைக்குக் கிளம்புவார்கள், வழியில் எதிலாவது மாட்டிக்கொள்வார்கள், யாராவது ஒரு பைபிள் கதை சொல்வார்கள், கடைசியில் ஜெபம்.

நாங்கள் மாரியாத்தாவைக் கும்பிடுகிற குடும்பம். யாரோ இதைக் குத்திக் கேட்டதற்கு அம்மா, "கதை கேட்டா சாமி இன்னா கோச்சிக்குமா? பசங்க கேட்டுக்கினு கம்முனு கெடக்குதுங்க" என்றாள். அதோடு விட்டாளா? ஆயுத பூஜையன்று அரிவாள்மனைக்கும் மண்வெட்டிக்கும் பொட்டு வைத்த கையால் டேப்ரெக்கார்டருக்கும் கேசட் டப்பாவுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். "அதுவும் ஒழைக்குதில்ல?" என்று கேட்டாள். மூடியில் அந்தக் குங்குமக் கறை இன்னும் இருக்கிறது.

அக்காவும் தம்பியும் காட்டில் வழி தவறுகிற கதைதான் எங்களுக்கு உயிர். ஒருநாள் டேப்ரெக்கார்டர் அதன் நாடாவைத் தின்றுவிட்டது. அண்ணன் கசங்கிய துண்டை பிளேடால் நறுக்கி எறிந்துவிட்டு, இரண்டு முனைகளையும் செல்லோ டேப்பால் ஒட்டினான். பென்சிலை விட்டுச் சுற்றிப் போட்டுப் பார்த்தோம். ஓடியது! தம்பி அழுகிறான். அக்கா சொல்கிறாள்: "அழாதே தம்பி, இன்னும் கொஞ்ச..." உடனே "காள்! காள்!" என்று கழுதை கத்துகிறது. அவள் சொல்ல வந்தது வெட்டுப்பட்ட துண்டோடு போயே போய்விட்டது.

"வெட்னதுல இன்னாண்ணா இருந்துச்சி?" என்று கேட்டேன்.

"காத்து. போ" என்றான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நிம்மதியாகக் 'கொஞ்சம்' என்று சொல்ல முடியாது. "இன்னும் கொஞ்சம் களி போடட்டா?" என்று அம்மா கேட்டால் அண்ணன் "காள்!" என்பான். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா மறந்துபோய், "இன்னும் கொஞ்சம் பஜ்ஜி எடுத்துக்கங்க" என்றாள். பின்கட்டிலிருந்து இவன் கத்தினான் பாருங்கள்! மாப்பிள்ளையின் அப்பா, "வூட்ல கழுதை வளக்கறீங்களா?" என்று மரியாதையாகவே கேட்டார். எனக்கு மானம் போயிற்று. அந்தச் சம்பந்தமும் போயிற்று. அது நல்லதுக்குத்தான், விடுங்கள்.

டப்பாவைப் பரணிலிருந்து இறக்கினேன். நாடாவெல்லாம் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. டேப்ரெக்கார்டர் எப்போதோ பழைய இரும்போடு போய்விட்டது. விடுதியில் யாரிடமாவது நல்ல நாடா இருக்காதா என்று, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சங்கராபுரத்தில் வெள்ளிமலை பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு குமட்டிக்கொண்டு வந்தது. விடுதியில் இப்போது இருக்கிற போதகரின் மனைவி டப்பாவைத் திறந்து பார்த்துச் சிரித்துவிட்டார். "இதுக்காகவாக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க? எல்லாமே இப்ப போன்லயே இருக்குதுங்க" என்று சொல்லி, அங்கேயே வாட்ஸ்அப்பில் அனுப்பினார். என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

அண்ணன் வீட்டுக்குப் போய், கட்டிலுக்குப் பக்கத்தில் போனை வைத்து முதல் கதையைப் போட்டேன். சுவரைப் பார்த்துக் கிடந்தவன் திரும்பினான். அடுத்த கதை, அதற்கடுத்த கதை. கேட்டான். கண் கலங்கியது. உதடு பிரியவில்லை.

"வுடும்மா, அவர நோவடிக்காத" என்றாள் அண்ணி. "இப்பிடியே இருந்தாலும் நான் பாத்துக்கறேன்."

"இப்பிடியே இருக்க நான் வுடமாட்டேன் அண்ணி!" என்று எரிந்து விழுந்துவிட்டு, அந்தக் காட்டுக் கதையைப் போட்டேன்.

தம்பி அழுதான். அக்கா, "அழாதே தம்பி, இன்னும் கொஞ்ச..." என்றாள்.

"காள்!"

போனிலிருந்து வரவில்லை. கட்டிலிலிருந்து வந்தது. கரகரத்து, பாதியில் உடைந்து, ஆனால் அவன் குரல்தான். அண்ணி கையிலிருந்த சொம்பைக் கீழே போட்டாள். போனில் இருந்த அக்காவோ நிறுத்தவில்லை, கழுதைக்கு இடம் கொடுக்காமல் என்னவோ பேசிக்கொண்டே போனாள். அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. இடது கையைத் தூக்கிப் போனைக் காட்டினான்.

"தப்பு" என்றான்.

"ஆமாண்ணா, தப்புதான். நம்ம கேசட்தான் சரி" என்று சொல்லிக்கொண்டே அழுதேன். அண்ணி அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அழக்கூடத் தோன்றவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு சொல்லாக வந்தது. தண்ணி என்றான், வலிக்குது என்றான். டாக்டரம்மா இன்னும் வரும் என்றார். இந்தமுறை 'சில பேர்' என்று சொல்லவில்லை.

போன வாரம் அண்ணி கேட்டாள்: "அது சரி, அந்தப் பொண்ணு இன்னாதான் சொல்லுது?" அட, அன்றைக்கு இருந்த இருப்பில் நானும் கேட்கவில்லை! மறுபடி போட்டோம். "இன்னும் கொஞ்ச..." என்றதுமே கட்டிலில் இருந்தவன் "காள்! காள்!" என்று ஆரம்பித்து, அவள் சொல்லி முடிக்கும்வரை ஓயவில்லை. மறுபடி போட்டோம், மறுபடி கத்தினான். வேண்டுமென்றே செய்கிறான். சிரிப்பு வாயோரம் கோணிக்கொண்டு நிற்கிறது.

"வெட்னதுல இன்னாதாண்ணா இருந்துச்சி?" என்று கத்தினேன்.

அவன் என்னைப் பார்த்தான். சொற்களைத் தேடிப் பிடிக்க நேரமானது. நாங்கள் காத்திருந்தோம்.

"காத்து" என்றான். "போ."